உப்பின் கணக்கும் கிடுகின் கணக்கும்

புத்தளம் மாவட்டத்து மதுரங்குளியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கனமூலை கிட்டத்தில்தான். பார்க்கும் இடமெல்லாம் தென்னை, அதன் அடியில் கால் புதையும் மணல். சுற்றியுள்ள ஊர்களின் பெயர்களை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால், இந்தக் கரை எதைக்கொண்டு பிழைத்தது என்பது பாதி விளங்கிவிடும். கடையாமோட்டை, விருதோடை, புழுதிவயல், கொத்தாந்தீவு, கனமூலை. அரசர் பெயரோ தலைவர் பெயரோ இவற்றில் இல்லை. மழைநீர் தேங்கும் மோட்டை, அது வடியும் ஓடை, விதைத்த வயல், நிலம் ஒடுங்கும் மூலை. ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் தண்ணீர் எங்கே நிற்கும், எங்கே ஓடும் என்பதைத்தான் முதலில் பார்த்திருக்கிறார்கள்.

இந்தப் பெயர்களுக்கு அப்பால் இவ்வூர்களின் பழைய வாழ்க்கையைத் தேடப் போனால் கை வெறுமையாகத் திரும்புகிறது. புத்தளத்து உப்பைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். முத்துக்குளிப்பையும் கறுவாவையும் பற்றி அதைவிட நிறைய. 1344 இல் இப்னு பதூதா வந்திறங்கிய ‘பத்தாலா’ புத்தளமே என்பது பலரின் முடிவு. வெள்ளம் அடித்துவந்த கறுவாக் கட்டைகள் கரையில் கிடந்ததை அவர் கண்டு எழுதியிருக்கிறார். ஆனால் அதே கரையில் ஒரு குடும்பம் காலையில் என்ன தின்றது, வேலிக்கு எதைக் கட்டியது, பெண்கள் எந்த வேலையில் காசு பார்த்தார்கள் என்று கேட்டால் ஏடுகள் வாய் திறப்பதில்லை. இந்தக் குறை எனக்கு முழுதாக உறைத்தது, தூரத்து ஸ்கொட்லாந்தின் கிராமங்களைப் பற்றிப் படித்தபோதுதான்.

1790 ஆம் ஆண்டு மே மாதம் சேர் ஜோன் சின்க்ளேயர் என்ற நிலக்கிழார், ஸ்கொட்லாந்துத் திருச்சபையின் 900க்கும் மேற்பட்ட போதகர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். கடிதத்தோடு 160 கேள்விகள். உங்கள் பங்கில் எத்தனை பேர், எத்தனை ஏர், எத்தனை நெசவாளர், கூலி என்ன, கோழி என்ன விலை, அடுப்புக்கு எதை எரிக்கிறார்கள், எந்த நோய் அதிகம், பள்ளிக்கூட ஆசிரியருக்குச் சம்பளம் எவ்வளவு என்று அவை போயின. பதில்கள் 1791 முதல் 1799 வரை 21 தொகுதிகளாக அச்சேறின. 938 பங்குகளின் வாழ்க்கை அதில் இருக்கிறது. ‘புள்ளிவிவரம்’ என்பதற்கான ஜெர்மன் சொல்லை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து பரப்பியவரும் இவரே. ஜெர்மானியர் அச்சொல்லை அரசின் பலத்தை அளக்கப் பயன்படுத்தினார்கள். சின்க்ளேயரோ, மக்கள் அனுபவிக்கும் நலம் எவ்வளவு, அதைக் கூட்டுவது எப்படி என்று அறியவே தமக்கு அது வேண்டும் என்றார். அந்த ஒரு விளக்கத்துக்காகவே அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு.

போதகரிடம் கேட்டதில்தான் விசயம் இருக்கிறது. அந்நாட்டுப் பங்கு என்பது கோயில் மட்டும் அன்று. ஒவ்வொரு பங்கிலும் ஒரு பள்ளிக்கூடம் இருக்க வேண்டும் என்று 1696 இலேயே சட்டம் வந்துவிட்டது. ஏழைகளுக்குப் படியளந்ததும் பங்குச் சபையே. கோயில் வாசலில் விழும் காணிக்கையோடு, சவப்பெட்டிக்கு மேலே போர்த்தும் துணியை வாடகைக்கு விட்டு வந்த காசும் ஏழைகளின் பெட்டிக்குப் போனது. பிள்ளைக்கு நீர் தெளித்தவர், கல்யாணம் எழுதியவர், அடக்கம் செய்தவர் எல்லாம் ஒரே ஆள். அவர் உட்கார்ந்து எழுதும்போது வரி கட்டிய பொருளோடு வரி கட்டாத வாழ்க்கையும் பேனாவில் வந்துவிட்டது. நூல் நூற்ற பெண்களும், சதுப்பில் கரி மண் வெட்டி உலர்த்திய நாட்களும், ஓட்ஸ் கஞ்சியும் அந்தத் தொகுதிகளில் இடம் பிடித்தது அப்படித்தான். குறையில்லாத கணக்கென்று சொல்ல மாட்டேன். போதகரின் சம்பளமும் வீடும் ஊர் நிலக்கிழார்களின் கையில் இருந்தன. ஆகவே குடியானவரை நிலத்திலிருந்து கிளப்பிய இடங்களில் சில பேனாக்கள் தயங்கியிருக்கின்றன. அப்படியிருந்தும், அடுத்த வீட்டுக்காரர் எழுதிய கணக்கு அது.

நமக்கும் ‘பங்கு’ அந்நியமான சொல் அன்று. கற்பிட்டி, தலவில், சிலாபம் பக்கக் கத்தோலிக்கர் இன்றும் அந்தச் சொல்லால்தான் தங்கள் ஊரைச் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் அதற்குக் கோயிற்பற்று என்று பெயர். பற்று என்பது நில ஆட்சிப் பிரிவுக்கும் பெயராக இருந்தது. புத்தளத்துக்குக் கிழக்கே காட்டுப்பக்கத்தைச் சிங்களத்தில் தெமள ஹத்பத்து என்பார்கள், தமிழர் ஏழு பற்று என்று பொருள். களப்புக்கு அப்பாலுள்ள கற்பிட்டித் தீபகற்பத்துக்கு அக்கரைப்பற்று என்று பெயர் இருந்தது.

ஒல்லாந்தர் இங்கே கொண்டுவந்த சீர்திருத்தத் திருச்சபை, ஸ்கொட்லாந்துத் திருச்சபைக்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி. இரண்டும் கல்வினின் வழி வந்தவை. கற்பிட்டிக் கோட்டையை 1667 இல் தொடங்கி 1676 இல் முடித்த ஒல்லாந்தர், தங்கள் ஆட்சிக்குட்பட்ட கரையோரமெங்கும் தோம்பு என்ற பதிவேடுகளை எழுதினார்கள். நிலத்துக்கு ஒரு தோம்பு, ஆட்களுக்குத் தலைத்தோம்பு, ஞானஸ்நானமும் கல்யாணமும் பதிவதற்குப் பள்ளித்தோம்பு. பள்ளித்தோம்பை எழுதியவர் ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியர். ஸ்கொட்லாந்தில் நடந்ததற்கு வெகு கிட்டத்தில் வந்துவிட்ட ஏற்பாடு இது. ஆனால் நிலத்தோம்பின் நோக்கம் வரியும் ஊழியமும். பள்ளித்தோம்போ ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கானது. முஸ்லிம் ஊர் ஒன்றின் நிக்காஹும் மவுத்தும் அதற்குள் வர வழியில்லை.

அந்தக் குறையை நிரப்ப ஒருவர் வந்தார். அவரும் இந்தக் கரையின் பிள்ளைதான். சைமன் காசிச் செட்டி 1807 இல் கற்பிட்டியில் பிறந்தார். இளம் வயதிலேயே அரசாங்க வேலைக்குப் போய் மணியகாரராகவும் முதலியாராகவும் இருந்தார். 1834 இல், தமது 27 ஆம் வயதில், ‘சிலோன் கசற்றியர்’ என்ற நூலைக் கோட்டேயிலுள்ள மிஷன் அச்சகத்தில் பதிப்பித்தார். இலங்கையின் மாவட்டம், நகரம், முக்கிய கிராமம், ஆறு, குளம், துறை என்று அகர வரிசையில் அடுக்கி, அவ்வவ்விடத்து மக்களின் வழக்கங்கள், விவசாயம், வியாபாரம், சமயம் எல்லாவற்றையும் சொல்லும் நூல். ஸ்கொட்லாந்தின் பங்குக் கணக்குகளைப் புதிதாக எழுதும் இரண்டாம் வரிசை வெளிவரத் தொடங்கியதும் அதே 1834 இல்தான். அங்கே நூற்றுக்கணக்கான போதகர்கள் செய்த வேலையை இங்கே ஒருவர் தனித்துத் தோளில் ஏற்றினார். சட்டநிரூபண சபைக்குப் போனார், நீதிபதியானார், ‘உதயாதித்தன்’ என்று தமிழில் ஒரு பத்திரிகை நடத்தினார், 1859 இல் ஏறத்தாழ 200 தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ‘தமிழ் புளூட்டாக்’ என்று தொகுத்தார். 1860 இல் காலமானார். முக்குவர் சமூகத்தின் வழக்கங்களையும் இலங்கைச் சோனகரின் பழக்கங்களையும் தனியே எழுதிவைத்தவரும் அவரே. புத்தளத்து முக்குவத் தலைவர்கள் கூடி வழக்குத் தீர்த்த முத்திரைக்கூடம் பற்றி இன்று நாம் அறிந்திருப்பதில் அவர் பங்கு பெரிது.

இவ்வளவு செய்தவரை நன்றியில்லாமல் குறை சொல்லக் கூடாது. தனி ஆள், 27 வயது, எழுதியது முழுத் தீவையும் பற்றி. கனமூலை மாதிரி ஓர் ஊரின் கஞ்சிப் பானைக்குள் எட்டிப்பார்க்க அவருக்கு நேரம் ஏது? அவருக்குப் பின் 1908 இல் புத்தளம் மாவட்டக் கைநூலை எழுதிய பிராங்க் மொடரும் ஆட்சியாளர்களுக்குப் பயன்படும் விதமாகவே எழுதினார். ஆகவே இந்தக் கரையில் எழுத்தில் ஏறியவை பெரும்பாலும் அரசாங்கம் காசு பார்த்தவையே. அவற்றில் முதலிடம் உப்புக்கு.

உப்பு விளையும் விதத்தை ஒரு தடவையாவது கிட்ட நின்று பார்க்க வேண்டும். புத்தளம் களப்பின் தென்கோடி, மழையில்லாத மாதங்களில் கடலைவிட உப்பேறிவிடும். அந்த நீரை மதகு திறந்து முதல் பாத்தியில் தேக்குவார்கள். அங்கிருந்து அடுத்த பாத்தி, அதற்கடுத்தது என்று நகர்த்த நகர்த்த வெயிலும் சோளகக் காற்றும் நீரை உறிஞ்சும். வழியில் ஜிப்சம் அடியில் படிந்து பிரிந்துவிடும். போமே அளவுமானி 25 பாகையைக் காட்டும்போது நீரின் மேல் மெல்லிய ஆடை கட்டும். ஊதினால் நடுங்கும் அந்த ஆடைதான் பிறகு கனத்து அடியில் இறங்கி உப்பாகிறது. மிச்சமாகும் நீர் கசக்கும், மக்னீசியம் அதிகம். அதை நேரத்துக்கு வடித்துவிடாவிட்டால் உப்பும் கசக்கும். பலகை கட்டிய கோலால் உப்பை வாரி வரப்பில் அம்பாரமாகக் குவிக்கிறார்கள். வெறுங்காலோடு பாத்தியில் நிற்பவரின் குதிகால் வெடிப்புகளுக்குள் உப்பு போய் எரியும். ஒரு மழை போதும், மாதக்கணக்கான உழைப்பு கரைந்துபோக. 2024 இன் கடைசியிலும் 2025 இலும் பருவந்தப்பிப் பெய்த மழையில் விளைச்சல் விழுந்து, கடல் சூழ்ந்த இந்த நாடு இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்ய வேண்டி வந்தது.

இந்த உப்புக்காக அரசுகள் மல்லுக்கட்டின. கண்டி மலைநாட்டுக்குக் கடல் இல்லை. புத்தளத்திலிருந்து தவளம் என்ற பொதிமாட்டு வரிசைகள் உப்பையும் கருவாட்டையும் ஏற்றிப்போய்ப் பாக்கு முதலியவற்றோடு திரும்பின. அந்த வியாபாரத்தில் முஸ்லிம்கள் முன்னின்றார்கள். கரையை அடைத்தால் கண்டியின் குரல்வளையை நெரிக்கலாம் என்பது ஒல்லாந்தருக்குத் தெரிந்திருந்தது. 1766 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் கரையோரம் முழுவதையும் தங்களுக்கு எழுதி வாங்கியபோது, சிலாபத்திலும் புத்தளத்திலும் கண்டியர் உப்பு எடுக்கலாம் என்று ஒரு வாசகத்தைச் சேர்க்க வேண்டியிருந்தது. பிரித்தானியர் காலத்தில் உப்பு அரசாங்கத்தின் ஏகபோகம். புத்தளத்தில் பாத்தி தனியாருடையது, விளைந்த உப்போ அரசாங்கம் சொன்ன விலைக்கு அரசாங்கத்துக்கே போக வேண்டும். அனுமதியின்றி உப்பு எடுத்தால் குற்றம். களப்பின் ஓரத்தில் பிறந்து வளர்ந்தவருக்குத் தம் காலடியில் தானாகப் பூத்த உப்பு சொந்தமில்லாமல் போனது.

அதே பேரரசின் மறுகோடியில் உப்பு வேறு மாதிரி வேலை செய்தது. ஸ்கொட்லாந்தின் ஓர்க்னித் தீவுகளிலும் மேற்குத் தீவுகளிலும் கடற்கரையோர மக்கள் கடற்பாசியை வாரி, உலர்த்தி, கற்குழிகளில் எரித்துச் சாம்பற்கட்டி செய்தார்கள். ஒரு தொன் கட்டிக்கு ஏறத்தாழ 20 தொன் ஈரப்பாசி வேண்டும். கண்ணாடிக்கும் சவர்க்காரத்துக்கும் தேவையான சோடா அதில் இருந்தது. ஓர்க்னியில் இது தொடங்கிய புதிதில், புகை மீனை விரட்டும், பயிரைக் கெடுக்கும் என்று 1742 இல் மக்கள் கலகமே செய்தார்கள். பிறகு நெப்போலியன் யுத்தத்தில் ஸ்பானியச் சோடா வருவது தடைப்பட, விலை ஏறியது. நிலக்கிழார்கள் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளை ஆட்டுப் பண்ணைகளுக்கு விட்டு, குடியானவர்களைக் கரையோரத் துண்டு நிலங்களில் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தத் துண்டில் விளைவதை மட்டும் நம்பி உயிர் வாழ முடியாது, ஆகவே பாசிக்கு ஆள் கிடைக்கும். யுத்தம் முடிந்தது, ஸ்பானியச் சோடா திரும்பி வந்தது. 1825 இல் பிரித்தானியாவில் உப்பு வரியை நீக்கினார்கள். மலிவான உப்பிலிருந்தே ஆலையில் சோடா செய்யலாம் என்றாகிவிட்டது. பாசியின் விலை விழுந்தது, கரைக்குத் தள்ளப்பட்டவர்கள் கரையிலேயே நின்றார்கள். 1846 இல் உருளைக்கிழங்கு அழுகியபோது அவர்களில் எத்தனையோ பேருக்குக் கப்பலைத் தவிர வேறு கதியில்லை.

அங்கே வரியை எடுத்ததால் ஒரு கரையின் பிழைப்புப் போனது. இங்கே ஏகபோகம் நீடித்ததால் ஒரு கரை தன் விளைச்சலுக்குத் தானே விலை சொல்ல முடியாமல் இருந்தது. இரண்டையும் முடிவு செய்தது பேரரசின் தலைநகர் ஒன்றே. வித்தியாசம் என்னவென்றால், பாசி எரித்த குடும்பம் என்ன சாப்பிட்டது, எத்தனை மாதம் கரையில் நின்றது என்பதைப் போதகரின் ஏட்டில் தேடிப் பார்க்கலாம். உப்பு வாரிய நம் குடும்பத்துக்கு அப்படி ஓர் ஏடு இல்லை.

ஆனால் எழுதக்கூடிய நிறுவனம் நம்மிடம் இருந்தது, இன்றும் இருக்கிறது. முஸ்லிம் ஊர்களில் பங்கின் இடத்தில் நிற்பது பள்ளிவாசலும் அதன் மஹல்லாவும். ஊரில் ஒருவருக்குக் கல்யாணம் என்றால் ஜமாஅத்தின் பதிவு வேண்டும். மவுத்து என்றால் பள்ளியிலிருந்து சந்தூக்கு என்ற சவப்பெட்டி வரும். ஏழைக்கும் பணக்காரருக்கும் அதே சந்தூக்குதான், வாடகை கிடையாது. ஸ்கொட்லாந்தின் போர்வைத் துணியைப் பற்றிப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. சக்காத்தும் பித்ராவும் பங்கிடுவது, நோன்புக் கஞ்சிக்கு முறை வைப்பது, வேலிச் சண்டைக்கு நடுத்தீர்ப்பது என்று ஒரு பங்குச் சபையின் அத்தனை வேலையும் அங்கே நடக்கிறது. சந்தாப் புத்தகத்தில் குடும்பத் தலைவர்களின் பெயர் வரிசையாக இருக்கும். யார் எந்த வருசம் சந்தா கட்ட முடியாமல் இருந்தார் என்பதும் அதில் இருக்கும். ஒரு கரையோர ஊரின் நல்ல வருசத்தையும் கெட்ட வருசத்தையும் கண்டுபிடிக்க அதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. பழைய கொப்பிகளைக் கறையான் தின்னுமுன் யாராவது எடுத்து வைக்க வேண்டுமே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

தென்னை இந்தப் பக்கத்தின் முகத்தை மாற்றியது பிரித்தானியர் காலத்தில். பெருந்தோட்டங்கள் பரவின. ஒல்லாந்தர் கால்வாயில் பாதை வள்ளங்கள் கொப்பரா ஏற்றின. ரயில் 1916 இல் சிலாபத்துக்கும் 1926 இல் புத்தளத்துக்கும் வந்தது. தோட்டத்துக்கு வருசத்தில் ஆறு தடவை தேங்காய்ப் பறிப்பு. பறிப்பவர், பொறுக்குபவர், அலவாங்கு நட்டு மட்டை உரிப்பவர், சிரட்டைத் தீயில் கொப்பரா உலர்த்துபவர் என்று ஒரு மரத்தைச் சுற்றி எத்தனை கைகள். தோட்டக்காரரின் புத்தகத்தில் தேங்காயின் எண்ணிக்கை தப்பாமல் இருக்கும்.

பிறகு வந்தவை வேகமாக வந்தன. 1980 களில் களப்போரத்திலும் முந்தல் பக்கத்திலும் இறால் பண்ணைகள் கிளம்பின. கண்டல் மரங்களை வெட்டிக் குளம் தோண்டினார்கள். ஒல்லாந்தர் கால்வாயிலிருந்தே நீர் எடுத்து, கழிவையும் அதிலேயே விட்டதால், 1996 இல் வெண்புள்ளி நோய் வந்தபோது ஒரு குளத்திலிருந்து மறு குளத்துக்கு அது தானாகப் போய்ச் சேர்ந்தது. கைவிட்ட குளங்கள் இன்றும் வெறித்துக் கிடக்கின்றன. கற்பிட்டி மணலில் வெங்காயமும் மிளகாயும் செழித்தன, ஆழமில்லாத நன்னீரில் பசளையின் நைத்திரேற்று இறங்கியது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் இந்த மாவட்டத்தில்தான் ஒதுங்கினார்கள். உடுத்த உடையோடு வந்தவர்களுக்குத் தென்னந்தோட்ட நிழலும் பள்ளிவாசல் திண்ணையும் முதல் வீடு. கூலிக்கு ஆள் கூடியது, கிணற்றடியில் வரிசை நீண்டது. வந்தவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் இடையில் மனத்தாங்கலும் வந்தது, கல்யாண உறவும் வந்தது. நிலத்திலிருந்து கிளப்பப்பட்டுக் கரையில் கொண்டுபோய் விடப்பட்ட ஸ்கொட்லாந்துக் குடும்பங்களை வாசிக்கும் எவரும் புத்தளத்து முகாம்களை நினைக்காமல் இருக்க முடியாது. அந்த முப்பது வருச வாழ்க்கையை ஊர் ஊராக எழுதிவைத்தவர் எத்தனை பேர்?

இனிக் கிடுகு. தென்னோலை விழுந்ததும் மட்டையோடு நெடுக்குவாக்கில் இரண்டாகக் கிழிப்பார்கள். கிழித்ததைத் தண்ணீரில் ஊறப் போட வேண்டும். உவர்நீரில் ஊறினால் பூச்சி அரிக்காது, கூடுதல் நாள் உழைக்கும். ஊறிய ஓலையின் வாடை, இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உம்மாவின் சேலை வாடையோடு சேர்ந்தது. பின்னும்போது மட்டையைத் தரையில் கிடத்தி, ஒரு காலால் மிதித்துக்கொண்டு, ஓர் ஓலையை மேலும் அடுத்ததைக் கீழுமாக விட்டு, ஓரத்தில் மடித்து முடிவார்கள். வீட்டு வேலை ஓய்ந்த பின் பின்னேரத்தில் தொடங்கினால் இருட்டுமுன் ஓர் அடுக்கு எழும்பிவிடும். கூரைக்கு, வேலிக்கு, கிணற்றடி மறைப்புக்கு, மீன் வாடிக்கு எல்லாம் அதுவே. தகரமும் ஓடும் வரும்வரை ஒவ்வொரு வருசமும் இந்தக் கரையின் வீடுகளெல்லாம் பெண்களின் கையால் புதுக் கூரை போட்டுக்கொண்டன.

கனமூலைப் பக்கத்தில் ஒரு முற்றத்தில், வயசான உம்மம்மா ஒருவர் பின்னிக்கொண்டிருந்ததைப் பார்த்து உட்கார்ந்தேன். ஒரு நூறு கிடுகுக்கு அந்தக் காலத்தில் என்ன கிடைக்கும் என்று கேட்டேன்.

“காசா? ஆர் மகன் காசு எண்ணின? கடையில அரிசி எடுப்பம், கிடுகு குடுத்துக் கழிப்பம்.”

“அதை எங்கயாவது எழுதி வெச்சிருப்பாங்களா உம்மம்மா?”

“கடைக்காரன்ட கொப்பியில அரிசி இரிக்கும். கிடுகு இரிக்குமோ தெரியா.”

விரல்கள் நிற்கவேயில்லை. அந்தக் கிடுகில் நல்லது பாதி உப்பளத்துக்குப் போகும் என்றார். மழை வருமுன் உப்பு அம்பாரங்களை மூட வேண்டும், மூடாவிட்டால் கரைந்துபோகும். மாட்டு வண்டியில் அடுக்கி ஏற்றிப் போவார்களாம். அம்பாரத்தின் உச்சியிலிருந்து ஓட்டுச் சரிவு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடுகை இறக்கிக் கட்டுவார்களாம். உப்பின் நிறை இறாத்தல் பிசகாமல் அரசாங்கப் பேரேட்டில் ஏறியது. மூடிய கிடுகுக்குக் கொடுத்த காசு செலவுப் பக்கத்தில் ஒரு வரியாக வந்திருக்கலாம். பின்னிய பெண்ணின் பெயர் அதில் வராது.

எத்தனை கிடுகு போட்டால் ஓர் அம்பாரம் மூடும் என்று அவரிடம் கேட்டேன். பின்னுவதை நிறுத்தி, வானத்தைப் பார்த்து, மனசுக்குள் அடுக்கிப் பார்த்து ஒரு கணக்குச் சொன்னார். அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டேன். பக்கத்தில் திகதியும் ஊரின் பெயரும் போட்டேன்.